பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே

பெரியம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பட்டுப்புடவைகளுக்கு அடியில், மஞ்சள் பைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. அந்தக் காலத்தில் அது சான்றிதழ் அல்ல, அட்டை போட்ட சிறு புத்தகம். 1964ஆம் ஆண்டு. பதினோராம் வகுப்பு. அதன்பின் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. 1966இல் திண்டுக்கல்லுக்கு வடக்கே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. சாகும்வரை ஓய்வூதியம்.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். பெரியம்மா பதின்மூன்று வருடம் படித்து இருபது வயதுக்குள் நிரந்தர வேலையில் உட்கார்ந்தார். நான் பிளஸ் டூ, இளங்கலை, முதுகலை, எம்.ஃபில்., முனைவர் பட்டம் என்று ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு காலம் படித்தேன். அதன்பிறகும் பல வருடங்கள் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். மாதச் சம்பளம் பெரியம்மாவின் ஓய்வூதியத்தைவிடக் குறைவு.

“நீ எவ்வளவு படிச்சு என்ன பாப்பா, எங்க காலத்துல படிச்சிருக்கணும்” என்பார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

கூடுதலாகப் பள்ளியில் இருக்கும் வருடங்கள் ஒரு பெண்ணுக்கு வேலை வாங்கித் தருமா? பொருளாதார அறிஞர்கள் இந்தக் கேள்விக்குப் பல நாடுகளில் விடை தேடியிருக்கிறார்கள். நான் தமிழ் படித்தவள். எனக்குத் தெரிந்த திண்டுக்கல் சமவெளியில், எனக்குத் தெரிந்த மூன்று தலைமுறைப் பெண்களை வைத்து இதை யோசிக்க விரும்புகிறேன்.

*பதினோராம் வகுப்பின் காலம்*

1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தேழு பேர். பெரியம்மா பதினோராம் வகுப்பு முடித்தபோது அந்த எண் இன்னும் குறைவு. பள்ளி இறுதி வரை வந்த கிராமத்துப் பெண் அன்று அபூர்வம். அதே நேரத்தில், காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் வேகமாகப் பெருகின. பள்ளி என்றால் ஆசிரியர் வேண்டும். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுக்க ஆசிரியை வேண்டும். 1963இல் எம். பக்தவத்சலம் தலைமையில் அமைந்த தேசியக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வேலையே, கிராமங்களில் பெண்கல்விக்கு மக்கள் ஆதரவு ஏன் இல்லை என்று கண்டுபிடிப்பதுதான்.

அரசுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள் என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்தவர் ‘ஹையர் கிரேடு’ ஆசிரியை ஆனார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் இடைநிலை ஆசிரியை ஆனார். மத்திய சமூக நல வாரியம் 1958 முதல், பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் சுருக்கப் படிப்புகளை நடத்தியது. இரண்டு மூன்று வருடத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, கிராம சேவிகாவாகவோ செவிலியாகவோ ஆசிரியையாகவோ அவர்கள் வேலைக்குப் போகவேண்டும் என்பது நோக்கம். துர்காபாய் தேஷ்முக்கின் யோசனை அது.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு முகம் உண்டு. டி.எஸ். சௌந்திரம். இளம் வயதில் கணவரை இழந்தவர்; அதன்பின் தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தவர்; மறுமணம் செய்துகொண்டவர். கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1962இல் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு ஒன்றியக் கல்வித் துணை அமைச்சர். கஸ்தூரிபா மருத்துவமனை, பள்ளி, கிராமியக் கல்வி நிறுவனம் என்று காந்திகிராமத்தில் அமைந்த ஒவ்வொன்றும் படிப்பையும் வேலையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. செவிலிப் பயிற்சிக்கு வந்த பெண் எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தே வந்தாள்.

ஆகவே பெரியம்மாவின் பதினோரு வருடம் ‘பலித்தது’ என்றால், அது படிப்பின் பலம் மட்டும் அல்ல. மறுமுனையில் நாற்காலி போடப்பட்டிருந்தது. உட்காருவதற்கு ஆட்கள் குறைவாக இருந்தார்கள்.

*1978*

பழைய முறையில் பள்ளி பதினோரு வருடம். அதன்பின் கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. பிறகு மூன்று வருடம் பட்டம். கோத்தாரி ஆணையம் 1966இல் தந்த அறிக்கையை ஒட்டி, தமிழ்நாடு 1978-79 கல்வியாண்டில் பிளஸ் ஒன் வகுப்பைத் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. மொத்தக் கணக்கில் வருடம் கூடவில்லை. பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு, பத்தும் இரண்டும் பன்னிரண்டு. மாறியது அந்த வருடங்கள் இருந்த இடம்.

பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போகவேண்டும். திண்டுக்கல்லில் பெண்கள் கல்லூரி வருவதற்கு முன்பு மதுரைக்குத்தான் போகவேண்டும்: லேடி டோக், பாத்திமா, பிறகு மீனாட்சி. விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும், பெண்ணை வெளியூரில் விடத் துணிய வேண்டும். பிளஸ் டூ வந்தபின் பன்னிரண்டாம் வருடம் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு வந்தது. பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். பாவாடை தாவணிச் சீருடையில் இருக்கும் பெண் இன்னும் ‘பள்ளிக்கூடத்துப் பிள்ளை’தான். கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பார்ப்பதுபோல் ஊர் அவளைப் பார்க்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு இது பெரிய உதவி.

ஆனால் மறுபக்கமும் உண்டு. முன்பு பதினோராம் வகுப்பில் இருந்த முதல் பெரிய கதவு இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது. பதினாறு வயதில் நின்றவர்கள் பதினைந்தில் நிற்கத் தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளி மட்டும் உள்ள ஊரில் அதுதான் படிப்பின் எல்லை.

அதே 1978இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை சட்டப்படி பெண்ணின் திருமண வயது பதினைந்து. அந்த ஆண்டுத் திருத்தம் அதைப் பதினெட்டாக உயர்த்தியது. இந்த இரண்டு மாற்றங்களையும் செய்தவர்கள் வேறு வேறு. ஒன்றை மனதில் வைத்து மற்றொன்றைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. பள்ளி பதினைந்து வயதில் ஒரு கதவைத் திறந்து ‘போகலாம்’ என்றது. சட்டம் பதினெட்டு வரை ‘கல்யாணம் கூடாது’ என்றது. நடுவில் மூன்று வருடம். அந்த மூன்று வருடம் பெண்ணை எங்கே வைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது.

பிளஸ் டூ அதற்கு ஒரு பதில். இன்னொரு பதிலை நூற்பாலைகள் தந்தன.

*மூன்று வருட ஒப்பந்தம்*

நான் 1994இல் பத்தாம் வகுப்பு எழுதினேன். எங்களோடு எழுதிய பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே பிளஸ் ஒன் வந்தார்கள். மற்றவர்களில் சிலர் நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போனார்கள், சிலர் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டார்கள், சிலர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்த வருடங்களில் மில் வேன் வந்தது.

வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் சாலைகளில் பயணம் செய்பவர்களுக்கு நூற்பாலைகளின் நீளமான சுவர்கள் தெரிந்திருக்கும். திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி உள்நாட்டு, வெளிநாட்டு அமைப்புகள் 2010க்குப் பிறகு வரிசையாக அறிக்கைகள் வெளியிட்டன. ‘மாங்கல்யத் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்ற பெயர்களும் உண்டு. பதின்வயதுப் பெண் மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்வாள். கையில் கிடைக்கும் கூலி சொற்பம். மூன்றாம் வருட முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை போய்விடும். பஞ்சுத் தூசி, இரவு ஷிப்டு, வெளியே போகத் தடை, வீட்டுக்குப் பேச மட்டும் வாரத்தில் சில நிமிடம். திட்டங்களின் பெயர்களைக் கவனியுங்கள். கூலி என்ற சொல் எதிலும் இல்லை. எல்லாம் தாலியைச் சுற்றியே இருக்கின்றன.

ஏன் மூன்று வருடம்? முதலாளியின் கணக்கில் அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பயிற்சியாளர் என்று பெயர் சொல்லிக் குறைந்த கூலி தரலாம். நிரந்தரத் தொழிலாளியாக உரிமை கேட்குமுன் ஆளை மாற்றிவிடலாம். ஆனால் தரகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அந்த மூன்று வருடம் சரியாகப் பொருந்தியது. பத்தாம் வகுப்பு முடித்த பெண், பதினைந்து வயது. மூன்று வருடத்தில் பதினெட்டு. கையில் நகைக்குப் பணம். அரசும் சட்டமும் விட்டுவைத்த இடைவெளியை அளந்து தைத்த சட்டை அது.

மில்லுக்குப் போன ஒரு தோழி பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்: “நீ ரெண்டு வருசம் அந்தப் பள்ளிக்கூடத்துல என்ன படிச்சயோ எனக்குத் தெரியாது. ஆனா நீ ராத்திரி தூங்குன.” பிளஸ் டூவின் பயனைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்த வரி இல்லை.

*உயர்ந்துகொண்டே போகும் வாசற்படி*

அந்த இரண்டு வருடத்தால் எனக்கு வேலை கிடைத்ததா? கிடைக்கவில்லை. அதைத் தாண்டிப் போக அனுமதி கிடைத்தது. வித்தியாசம் முக்கியமானது.

ரொனால்டு டோர் என்ற சமூகவியலாளர் 1976இல் எழுதிய நூலில் ஜப்பான், இங்கிலாந்து, கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டு இதைப் பேசினார். பட்டம் பெற்றவர்கள் கூடக்கூட, அதே வேலைக்கு இன்னும் பெரிய சான்றிதழ் கேட்கப்படும். வேலை மாறுவதில்லை, வாசற்படிதான் உயர்கிறது என்றார். அவர் அதை ஒரு நோய் என்றே அழைத்தார்.

எங்கள் வீட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கற்றுத்தரும் வேலை. ஒரு காலத்தில் அதற்கு எட்டாம் வகுப்பும் பயிற்சியும் போதும். பிறகு பதினோராம் வகுப்பும் பயிற்சியும். பிறகு பிளஸ் டூவும் பயிற்சியும். கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். 2018இல் வந்த அரசாணை, தகுதித் தேர்வில் தேறியவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுதவேண்டும் என்றது. கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்கும் முன்பு பத்தாம் வகுப்பு; இப்போது பிளஸ் டூ.

தகுதி உயர்வது தவறு என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படித்த ஆசிரியை பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் படி உயரும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மகனுக்கு இன்னும் இரண்டு வருடம் செலவு செய்யலாம் என்று நினைக்கும் வீடு, மகளுக்கு அதே இரண்டு வருடத்தைச் சீர்வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கூடுதலாகக் கேட்கப்படும் ஒவ்வொரு வருடமும் பெண்ணுக்கு இருமடங்கு விலை.

2022 வாக்கில் தமிழக வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு செய்து காத்திருந்தவர்கள் எழுபது லட்சத்துக்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்ததும் பதிவு, பிளஸ் டூ வந்ததும் கூடுதல் பதிவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று நாங்கள் எல்லோரும் செய்தோம். பதிவு அட்டையை வைத்துக்கொண்டே பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எனக்குத் தெரியும்.

கோத்தாரி ஆணையம் பிளஸ் டூவை வெறும் கல்லூரி வாசலாக நினைக்கவில்லை. மேல்நிலைப் படிப்பில் பாதிப் பேர் தொழிற்கல்விக்குப் போகவேண்டும் என்பது அதன் எண்ணம். தமிழ்நாடும் தொடக்கத்திலேயே தொழிற்கல்விப் பிரிவை வைத்தது. ஆனால் அது பாதியை எட்டவே இல்லை. இருந்த இடத்திலும் பையன்களுக்கு மின்மோட்டார், இயந்திரம். பெண்களுக்குத் தையல், மனையியல், அலுவலக மேலாண்மை. எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு உண்மையில் வேலை வாங்கித் தந்தது பள்ளியைவிடத் தட்டச்சு நிலையம்தான். லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் வக்கீல் ஆபீசிலும் மில் ஆபீசிலும் உட்கார்ந்தார்கள். கணினி வந்ததும் அந்த நாற்காலியும் போயிற்று.

*நடுப்படியில் நிற்பவள்*

2023இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், பல நாடுகளின் வரலாற்றை வைத்து ஒன்றைக் காட்டினார். ஏழ்மையும் விவசாயமுமாக இருந்த காலத்தில் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள்; வருமானம் கூடும்போது வேலையிலிருந்து விலகுகிறார்கள்; படிப்பும் அலுவலக வேலையும் பெருகும்போது திரும்ப வருகிறார்கள். இந்திய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளிலும் இதன் நிழல் தெரிகிறது. எழுத்தறியாத பெண்களும் பட்டதாரிப் பெண்களும் வேலைக்குப் போகும் அளவுக்கு, நடுவில் பள்ளிப் படிப்போடு நிற்கும் பெண்கள் போவதில்லை.

இதற்கு விளக்கம் தேடி நான் எங்கும் போகவேண்டியதில்லை. என் சித்தி மகள் பிளஸ் டூ. அவளுடைய அம்மா களையெடுக்கப் போனார். மகள் போகக்கூடாது, “பன்னெண்டாவது படிச்ச பிள்ளை காட்டு வேலைக்குப் போனா ஊரு என்ன சொல்லும்?” ஆபீஸ் வேலைக்குப் பன்னிரண்டாவது போதாது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் வேலை இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்ப பஸ் இல்லை. ஆகவே வீட்டில் இருக்கிறாள். கணக்கெடுப்பில் அவள் ‘வேலை தேடாதவள்’. மாமியாருக்குச் சோறு, மாட்டுக்குத் தண்ணீர், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எல்லாம் அவள் வேலைதான். அந்த வீட்டுப்பாடத்துக்கு மட்டும் அவளுடைய பிளஸ் டூ பயன்படுகிறது. அதன் பயன் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று மகிழலாம். அவளைக் கேட்டால் மகிழ்ச்சி என்று சொல்வாளா என்று தெரியவில்லை.

*தாலியிலிருந்து கல்லூரிக்கு*

அரசு இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1989இல் அரசு வேலையில் பெண்களுக்கு முப்பது விழுக்காடு ஒதுக்கீடும், குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கும் தமிழ்நாட்டில் வந்தன. அதே ஆண்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமும் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய். பிறகு தகுதி பத்தாம் வகுப்பு ஆனது. 2011இல் பத்தாம் வகுப்புக்கு இருபத்தைந்தாயிரம், பட்டதாரிக்கு ஐம்பதாயிரம், இருவருக்கும் தாலிக்கு நான்கு கிராம் தங்கம். பிறகு அது எட்டு கிராம்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடி, தன் வாழ்வையே வைத்து நாவல் எழுதியவர் இராமாமிர்தம் அம்மையார். பெண்ணின் உடலை ஒரு நிறுவனத்துக்குக் கட்டிவைப்பதை எதிர்த்தவர் பெயரில் தாலிக்குத் தங்கம் தருவது எனக்கு எப்போதும் உறுத்தியிருக்கிறது. ஆனாலும் அந்தத் திட்டத்தால் ‘பத்தாவது வரைக்குமாவது படிக்கட்டும்’ என்று விட்ட அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அதே அப்பாக்கள் பத்தாவதோடு நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன். தகுதி எங்கே வைக்கப்படுகிறதோ, பெண்ணின் படிப்பும் அங்கே போய் நின்றது.

2022இல் அது மாற்றப்பட்டது. அதே அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். புதுமைப் பெண் திட்டம் என்று பெயர். பணம் அவளுடைய வங்கிக் கணக்குக்கே போகிறது. திருமணம் என்ற சொல் அங்கே இல்லை. இதற்கு முன்பே 2001 முதல், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியரில் தொடங்கிப் படிப்படியாக மற்றவர்களுக்கும் பரவிய மிதிவண்டி, பிளஸ் ஒன் போகும் பெண்ணின் தூரத்தைக் குறைத்திருந்தது. 2021-22இல் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாற்பத்தேழு விழுக்காடு. நாட்டின் சராசரி இருபத்தெட்டு. பதினெட்டுக்கு முன் திருமணமான இளம்பெண்கள் தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் 12.8 விழுக்காடு. இவை சிறிய வெற்றிகள் அல்ல.

ஆனால் வேலை? அதே 2021 ஜனவரியில் வேடசந்தூர் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல இடமில்லாத தொழிற்சாலை என்பது தொடர்ந்து வெளிவந்தது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கமும், அதனோடு நின்ற அமைப்புகளும் போராடியதால் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, தொல்லைகளைக் கவனித்துப் புகார் செய்ய அது வழி செய்தது. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தியது. எங்கள் ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது பூட்டுக்காகவும் பிரியாணிக்காகவும் மட்டும் அல்ல.

இந்த ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. படிப்பு ஒரு பெண்ணைத் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுபோகலாம். உள்ளே அவளைக் காப்பது சான்றிதழ் அல்ல, சங்கம்.

*கணக்கு*

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். கூடுதல் இரண்டு வருடம் வேலை தருமா? பெரியம்மா காலத்தில் தந்தது, அரசு ஆள் எடுத்ததால். என் காலத்தில் தரவில்லை, வாசற்படி உயர்ந்ததால். இன்று அந்த இரண்டு வருடம் இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லாக் கதவும் மூடப்படும். இருந்தால் மட்டும் எந்தக் கதவும் திறந்துவிடாது. வேலை இல்லை என்பதைக் காட்டி ‘எதற்குப் பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும்’ என்று கேட்பவர்களிடம், வேலையை உண்டாக்காதவர்களைப் போய்க் கேளுங்கள் என்று சொல்வேன். பள்ளியில் கழித்த பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவை யாருக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கப்படாத வயதுகள்.

சென்ற வருடம் முதலாண்டு மாணவிகளிடம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: உங்கள் அம்மா எதுவரை படித்தார், அதன்பின் என்ன செய்தார்? ‘பத்தாவது, மில்லு’ என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் எழுதவில்லை. வகுப்பு முடிந்தபின் வந்து நின்றாள்.

“மேம், அம்மாகிட்ட போன்ல கேட்டேன். பத்தாவதுல நானூறுக்கு மேல மார்க்காம். இத்தனை வருசத்துல யாரும் கேக்கவே இல்லையாம். அதான் அழுதுட்டாங்க. என்ன எழுதறது?”

மார்க்கையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அந்தத் தாளை நான் பெரியம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.